மாரடைப்பு என்று எழுதப்படும் வெயில் மரணங்கள்

நெய்வேலி நகரியத்தை ஒட்டிய மந்தாரக்குப்பத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் கோடை என்பது வேலை ஓயும் காலமாக இருப்பதில்லை. பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் ஆண்டு முழுவதும் இயங்குகிறது. முந்திரித் தோப்புகளில் கொட்டை பொறுக்கும் பருவமே வெயிற்காலம்தான். கட்டட வேலை, சாலை வேலை, செங்கல் சூளை, நூறு நாள் வேலை எல்லாம் மழை இல்லாத இந்த மாதங்களில்தான் மும்முரமாக நடக்கின்றன. இத்தகைய வேலைகளில் ஒருவர் பிற்பகலில் மயங்கி விழுந்து இறந்துபோனால், பெரும்பாலும் ஒரே சொல்தான் காரணமாகச் சொல்லப்படுகிறது: மாரடைப்பு. அந்தச் சொல்லோடு விசாரணையும் முடிந்துவிடுகிறது. அன்றைய வெயிலும், அவர் செய்த வேலையும், குடித்த தண்ணீரும் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

வெயிலுக்கும் குளிருக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை மருத்துவ அறிவியல் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. அந்த அறிவை உழைக்கும் தலித் மக்களின் வாழ்நிலையோடு சேர்த்துப் படிக்கும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. பருவம் எல்லோருடைய இதயத்தையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. யார் எந்த நேரத்தில் எங்கே நின்று உழைக்க வேண்டும் என்பதைச் சாதியும் கூலி உறவும் தீர்மானிக்கின்றன. அதன் வழியாகவே பருவம் உடலுக்குள் நுழைகிறது. எனவே இம்மரணங்களைத் தனிமனிதரின் நோய் என்று ஒதுக்காமல், உழைப்பின் விளைவாக நேர்ந்த மரணங்களா என்று விசாரிக்க வேண்டியுள்ளது.

மாரடைப்பும் இதய நிறுத்தமும்

பேச்சு வழக்கில் இவ்விரண்டும் ஒன்றாகவே சொல்லப்படுகின்றன. மருத்துவத்தில் இவை வேறு வேறு. இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனி அடைபட்டு, அத்தசையின் ஒரு பகுதி ஆக்சிஜன் இன்றிச் சிதையத் தொடங்குவது மாரடைப்பு. அந்நிலையில் நோயாளி பெரும்பாலும் நினைவோடு இருப்பார். நெஞ்சு வலிக்கிறது, கை கடுக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது என்று சொல்வார். இதயத்தின் மின்னியக்க ஒழுங்கு குலைந்து, அது இரத்தத்தை வெளியே தள்ளுவதையே நிறுத்திவிடுவது இதய நிறுத்தம். சில நொடிகளில் நினைவு தப்பும். இயல்பான மூச்சு நின்றுவிடும். நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் மூளை பழுதுபடத் தொடங்கும்.

மாரடைப்பு இதய நிறுத்தத்தில் முடியலாம். ஆனால் தமனியில் அடைப்பே இல்லாத இதயமும் நின்றுபோகக்கூடும். இரத்தத்தில் பொட்டாசியம் போன்ற உப்புகளின் அளவு தாறுமாறானாலும், உடலின் உள்வெப்பம் கட்டுமீறி உயர்ந்தாலும், நீரிழப்பால் இரத்த அழுத்தம் சரிந்தாலும் அது நிகழலாம்.

இந்த வேறுபாட்டைச் செயற்பாட்டாளர்கள் அறிந்திருப்பது அவசியம். மாரடைப்பு என்று சொன்னவுடன் கேட்பவரின் எண்ணம் இறந்தவரின் உணவு, புகை, குடி, பரம்பரை ஆகியவற்றை நோக்கிச் செல்கிறது; பழி இறந்தவர் மீதே விழுகிறது. இதயம் ஏன் நின்றது என்று கேட்டால்தான் அன்றைய பொழுதும் அன்றைய வேலையும் விசாரணைக்குள் வரும்.

வெப்பம் இதயத்தை என்ன செய்கிறது

மனித உடல் தன் உள்வெப்பத்தை ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸில் வைத்திருக்க முயல்கிறது. வெளியே வெயில் ஏறும்போது உடலுக்கு இரண்டு வழிகளே உண்டு. ஒன்று, தோலின் அடியிலுள்ள இரத்தக் குழாய்களை விரித்து, சூடான இரத்தத்தை உடலின் மேற்பரப்புக்கு அனுப்புவது. மற்றொன்று, வியர்ப்பது. இரண்டுமே இதயத்தின் பளுவைக் கூட்டுகின்றன. குழாய்கள் விரிந்தால் இரத்த அழுத்தம் குறையும். அதை ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்க வேண்டும். மண்வெட்டி பிடிக்கும் கைக்கும் சுமை தூக்கும் தோளுக்கும் அதே நேரத்தில் இரத்தம் வேண்டும். தோலும் தசையும் ஒரே இரத்தத்துக்குப் போட்டியிடுகின்றன. நடுவில் நின்று இரண்டுக்கும் ஈடுகொடுப்பது இதயம்.

கடும் வெயிலில் கடின வேலை செய்பவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேலும் வியர்க்கக்கூடும். அந்த நீர் இரத்தத்திலிருந்தே வெளியேறுகிறது. இரத்தத்தின் கன அளவு குறைந்து, அது தடித்து, எளிதில் உறையும் தன்மையைப் பெறுகிறது. வியர்வையோடு உப்பும் போகிறது. சிறுநீரகம் திணறினால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். அது துடிப்பின் ஒழுங்கையே குலைக்கும். உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, பேச்சு குழறி, நினைவு தடுமாறினால் அது வெப்பத்தாக்கு. அதன்பின் சிறுநீரகம், கல்லீரல், இதயம் என்று உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கத் தொடங்கும்.

ஏற்கெனவே உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, இதயத் தமனிச் சுருக்கம் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து மேலும் கூடுகிறது. இரத்த அழுத்தத்துக்காகத் தரப்படும் சில மாத்திரைகள் சிறுநீரைக் கூடுதலாக வெளியேற்றுபவை. வீட்டிலிருப்பவருக்கு நன்மை செய்யும் அதே மாத்திரை, தண்ணீர் இல்லாத வேலைத்தளத்தில் நீரிழப்பைப் பெருக்கும். ஆகவே மாத்திரையை நிறுத்துவது வழியாகாது. வெயிற்காலத்துக்கு ஏற்ப அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

கடலூர் போன்ற கடலோர மாவட்டத்தில் வெப்பமானியின் எண் பாதி உண்மையை மட்டுமே சொல்லும். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாது. ஆவியாகாத வியர்வை உடலைக் குளிர்விக்காது. வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்து அளக்கும் ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரி என்பதே மனித உடல் தாங்கும் எல்லை என்று நீண்ட காலம் கருதப்பட்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட சோதனை முடிவுகள், நல்ல உடல்நிலையிலுள்ள இளைஞர்களுக்கே ஈரமான சூழலில் அந்த எல்லை 31 டிகிரியை ஒட்டி இருப்பதைக் காட்டின. அவர்கள் செய்ததோ வீட்டு வேலைக்கு ஒப்பான இலேசான அசைவு. கடப்பாரை பிடிப்பவரின் எல்லை அதற்கும் கீழே இருக்கும்.

வெயிலுக்குப் பழக உடலுக்கு ஒன்று முதல் இரண்டு வாரங்கள் தேவை. புதிதாக வேலைக்கு வந்தவரும், காய்ச்சல் கண்டோ ஊருக்குப் போயோ இடைவெளி விட்டுத் திரும்பியவரும் முதல் சில நாள்களில்தான் அதிகம் பாதிக்கப்படுகின்றனர். ஆள் மாறிக்கொண்டே இருக்கும் ஒப்பந்த வேலையில் இந்த முதல் நாள்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

பகலில் உழைத்த இதயம் இரவில் ஓய வேண்டும். ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் தகரக் கூரையும் மெல்லிய கான்கிரீட் தளமும் போட்ட வீடுகள் பகலில் வாங்கிய சூட்டை இரவெல்லாம் வெளிவிடுகின்றன. காற்றோட்டமில்லாத ஒற்றை அறையில் மின்விசிறி சூடான காற்றையே சுழற்றும். மறுநாள் வேலைக்குச் செல்லும் உடல் முன்னாள் களைப்பையும் சுமந்தே செல்கிறது. இரண்டு மூன்று நாள்கள் தொடரும் வெப்ப அலையில் இறப்புகள் கூடுவதற்கு இது முக்கியக் காரணம். சென்னை உள்ளிட்ட 10 இந்திய நகரங்களின் 2008 முதல் 2019 வரையிலான தரவுகளை ஆராய்ந்து 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கடும் வெப்பம் இரண்டு நாள் தொடர்ந்தால் அன்றாட இறப்பு 14.7 சதவீதம் உயர்வதாகக் கணக்கிட்டது.

மார்கழியும் கவனிக்க வேண்டிய மாதமே

உலக அளவில் பார்த்தால், இதய நிறுத்தமும் மாரடைப்பும் குளிர்காலத்தில்தான் கூடுகின்றன. குளிர் பட்டவுடன் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கும். இரத்த அழுத்தம் ஏறும். இதயம் கூடுதல் எதிர்ப்பைத் தள்ளிக்கொண்டு இயங்க வேண்டும். இன்புளுயன்சா போன்ற தொற்றுகளும் அக்காலத்தில் பரவும். 2015இல் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வு, 13 நாடுகளின் 7.4 கோடி இறப்புகளை ஆராய்ந்து, 7.71 சதவீத இறப்புகளுக்கு வெப்பநிலை காரணம் என்றது. அதில் 7.29 சதவீதம் குளிரால், 0.42 சதவீதம் மட்டுமே வெப்பத்தால். அந்த 13 நாடுகளில் இந்தியா இல்லை. எனினும் இந்திய இறப்புகளை வைத்துப் பிரபாத் ஜா உள்ளிட்டோர் 2018இல் பிளாஸ் மெடிசின் இதழில் வெளியிட்ட ஆய்வும், கொடும் வெப்பத்தைவிட மிதமான குளிரோடு தொடர்புடைய இறப்புகளே மிகப் பல என்று கண்டது.

இந்த முடிவுகளைக் காட்டி, வெயில் பெரிய சிக்கலே இல்லை என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் இரண்டைக் கவனிக்கத் தவறுகிறார்கள். முதலாவதாக, மிதமான குளிர் ஆண்டில் பல மாதங்கள் நீடிப்பது. ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாகக் கூடும் ஆபத்தின் தொகை பெரிதாகத் தெரிகிறது. கடும் வெயில் சில நாள்களே அடிக்கும். ஆனால் அந்த நாள்களில் அதில் நிற்பவருக்கு அபாயம் மிகக் கூர்மையானது. இரண்டாவதாக, இந்த ஆய்வுகள் ஒரு பகுதியின் பொதுவான வெப்பநிலையையே கணக்கில் கொள்கின்றன. சுரங்கக் குழியின் அடியில் நிற்பவரின் உடல் பெற்ற வெப்பமும், குளிரூட்டிய அறையில் இருப்பவரின் உடல் பெற்ற வெப்பமும் அந்தக் கணக்கில் ஒன்றே.

மந்தாரக்குப்பத்தைப் பொறுத்தவரை இரு பருவங்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் இரத்த அழுத்தம் இயல்பாகவே உயரும். காற்று அசையாத அந்த நேரத்தில் புகையும் தூசியும் மேலெழாமல் நிலத்தை ஒட்டியே தேங்கும். அனல்மின் நிலையமும் திறந்தவெளிச் சுரங்கமும் உள்ள பகுதிக்கு இது கூடுதல் சுமை. நுண்துகள்கள் நுரையீரல் வழியே இரத்தத்தில் கலந்து தமனிகளில் அழற்சியை உண்டாக்குகின்றன; மாரடைப்பைத் தூண்டும் காரணிகளில் காற்று மாசும் ஒன்று என்பது உறுதிப்பட்ட செய்தி. அந்தப் பனியில், அந்த நேரத்தில், தெருவில் துடைப்பத்தோடு நிற்பவர் தூய்மைப் பணியாளர். சித்திரை நண்பகலில் வெட்டவெளியில் நிற்பவர் கூலித் தொழிலாளி. இருவரும் பெரும்பாலும் ஒரே குடியிருப்பிலிருந்து புறப்படுகிறவர்கள்.

வெயிலில் நிற்பவர் யார்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் பட்டியல் சாதியினர் 20 சதவீதம். கடலூர் மாவட்டத்தில் ஏறத்தாழ 29 சதவீதம். இம்மாவட்டத்தின் நிலமற்ற விவசாயக் கூலிகளில் அவர்களே முதன்மையானவர்கள். சுரங்கத்துக்காக நிலம் கையகப்படுத்தப்படும்போது இழப்பீடு பெரும்பாலும் பட்டாவைப் பின்தொடர்ந்து செல்கிறது. அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக நடவும் அறுப்பும் செய்தவர்களின் கையில் காட்டுவதற்குக் காகிதம் இல்லை. 2023 ஜூலையில் இரண்டாம் சுரங்க விரிவாக்கத்துக்காக வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிரின் மீது இயந்திரங்கள் இறங்கியபோது நாடே அதைப் பார்த்தது. பயிரை இழந்த உழவர் பற்றிய விவாதம் நடந்தது. அந்த வயலில் கூலி இழந்தவர் பற்றிய விவாதம் அந்த அளவுக்கு நடக்கவில்லை. வயலில் வேலை போனவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒப்பந்தக் கூலியும் கட்டட வேலையும்தான்.

சாதிக்கும் வெப்பத்துக்கும் உள்ள தொடர்பைப் புள்ளிவிவரமாகவே காட்டும் ஆய்வுகளும் வந்துவிட்டன. அர்பித் ஷா, தீபக் மல்கன் உள்ளிட்ட ஆய்வாளர்கள், தேசிய தொழிலாளர் கணக்கெடுப்புத் தரவுகளை 2019, 2022 ஆண்டுகளின் வெப்ப அலைத் தரவுகளோடு பொருத்தி ஆராய்ந்து, டெமோகிராஃபி இதழில் வெளியிட்டுள்ளனர். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் ஆதிக்கச் சாதியினரைவிடக் கூடுதலான வேலை நேரத்தை வெட்டவெளி வெப்பத்தில் கழிக்கின்றனர் என்பது அதன் முடிவு. கல்வி, வயது, பொருளாதார நிலை ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னும் அந்த இடைவெளி மறையவில்லை. வறுமையால் மட்டுமே விளைந்தது என்று இதைத் தள்ளிவிட முடியாது என்பதே இதன் பொருள்.

தமிழ்நாட்டில் உப்பளம், செங்கல் சூளை, வயல் ஆகிய இடங்களில் உழைப்போரிடம் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபால் குழுவினர் நடத்திய ஆய்வுகள், வெப்பம் சிறுநீரகத்தைத் தாக்குவதையும், வெயிலில் உழைக்கும் கருவுற்ற பெண்களிடம் கருச்சிதைவு கூடுவதையும் காட்டின. பழுதுபட்ட சிறுநீரகம் உப்புச் சமநிலையைக் காக்க இயலாது. இன்று சிறுநீரகத்தைத் தாக்கும் வெயில் சில ஆண்டுகள் கழித்து இதயத்தைத் தாக்குவதற்கு அதுவே வழி.

தண்ணீர் என்னும் உரிமை

1927 மார்ச் 20 அன்று மகாடில் டாக்டர் அம்பேத்கர் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகினார். பொதுக் குளத்தில் நீர் எடுக்கும் சம உரிமைக்காக நடந்த அப்போராட்டத்தை நாம் மனித கண்ணியத்தின் போராட்டமாகவே நினைவுகூர்கிறோம், அது சரியானது. வெப்ப மருத்துவம் இன்று அதே நீருக்கு இன்னொரு பொருளையும் சேர்க்கிறது. வேலைத்தளத்தில் எந்தத் தடையுமின்றி, தேவையான அளவுக்கு நீர் கிடைப்பது உயிர் தரிக்கும் நிபந்தனை.

1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம், வேலையிடங்களில் குளிர்ந்த நல்ல குடிநீர் வழங்கப்பட வேண்டும் என்றது. 1955ஆம் ஆண்டின் சுரங்க விதிகள் ஆளுக்குக் குறைந்தது இரண்டு லிட்டர் என்று அளவு குறித்தன. ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேல் வியர்க்கும் உடலுக்கு இந்த இரண்டு லிட்டர் எத்தனை நேரம் தாங்கும் என்பதைக் கணக்கிட மருத்துவர் தேவையில்லை. நெய்வேலியில் நிலக்கரிப் படிவத்துக்கு அடியிலுள்ள நிலத்தடி நீரின் அழுத்தத்தைக் குறைப்பதற்காக அந்த நீர் இரவும் பகலும் இறைத்து வெளியேற்றப்படுகிறது. இத்தனை நீர் இறைக்கப்படும் நிலத்தில் ஒப்பந்தத் தொழிலாளி நிற்குமிடத்திலிருந்து குடிநீர் எத்தனை தொலைவில் உள்ளது என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

அளவோடு அணுகலும் சிக்கலே. கழிப்பிடம் இல்லாத வேலைத்தளத்தில் பெண்கள் சிறுநீரை அடக்க வேண்டியிருப்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கின்றனர். இரட்டைக் குவளை இன்னும் முற்றாக ஒழியாத மண்ணில், நில உடைமையாளரின் குடத்தைத் தானே மொண்டு குடிக்க முடியாமல், யாராவது ஊற்றும்வரை காத்திருக்கும் கூலிப் பெண்களும் உண்டு. தீண்டாமை அந்த இடத்தில் அவமானத்தோடு நிற்பதில்லை. நீரிழப்பாக மாறி இரத்தத்துக்குள்ளும் செல்கிறது.

சான்றிதழில் மறையும் காரணம்

இறப்பின் மருத்துவக் காரணத்தைச் சான்றளிக்கும் படிவம், இறப்புக்குக் காரணமான நோயையோ காயத்தையோ எழுதுமாறு மருத்துவரைக் கேட்கிறது. இதயச் செயலிழப்பு போன்ற இறக்கும் விதத்தை எழுதக்கூடாது என்று அதிலேயே குறிப்பும் உள்ளது. எந்த மரணத்திலும் இறுதியில் இதயம் நிற்கத்தான் செய்யும். ஆகவே இதயம் நின்றது என்பது காரணமாகாது. இருந்தும் அதுவே பல சான்றிதழ்களில் காரணமாக நிற்கிறது. இந்தியாவில் 2020இல் பதிவான இறப்புகளில் 22.5 சதவீதத்துக்கு மட்டுமே மருத்துவச் சான்றளிப்பு இருந்தது. எஞ்சியவற்றில் குடும்பத்தாரோ ஊராரோ சொல்வதே காரணம்.

உண்மை எவ்வளவு மறைகிறது என்பதற்கு அகமதாபாத் ஓர் எடுத்துக்காட்டு. 2010 மே மாதம் அங்கே வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டது. முந்தைய, பிந்தைய ஆண்டுகளின் மே மாதத்தோடு ஒப்பிட்ட ஆய்வாளர்கள், அம்மாதத்தில் 1,344 பேர் கூடுதலாக இறந்ததைக் கண்டனர். அவர்களில் மிகச் சிலரின் மரணமே வெப்பத்தாக்கு என்று பதிவாகியிருந்தது. அந்தக் கணக்குதான் 2013இல் அந்நகரம் வெப்பச் செயல்திட்டத்தை வகுக்கத் தூண்டியது. எண்ணிக்கை வெளியே வந்த பிறகே கொள்கை வந்தது.

உயிரிழப்பை இதயத்தின் மீது எழுதிவிட்டுப் பொறுப்பைக் கைகழுவுவது இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. கத்தாரில் 2009 முதல் 2017 வரை இறந்த நேபாளத் தொழிலாளர்களைப் பற்றி 2019இல் கார்டியாலஜி இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 1,300க்கும் மேற்பட்ட இறப்புகளில் 571 இதயநோய் சார்ந்தவை என்று பதிவாகியிருந்தன. இறந்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். உடற்பரிசோதனையில் தேறியே பயணம் சென்றவர்கள். இறப்புகள் வெயில் மாதங்களில் உச்சம் தொட்டதைக் கண்ட ஆய்வாளர்கள், வெப்பத்திலிருந்து உரிய பாதுகாப்பு இருந்திருந்தால் சுமார் 200 பேர் உயிரோடு இருந்திருப்பர் என்று மதிப்பிட்டனர். தொடர்ந்த அழுத்தத்தின் விளைவாக 2021இல் கத்தார், ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணி முதல் பிற்பகல் 3.30 வரை வெளிவேலையைத் தடை செய்தது. வெப்பம், ஈரம், வெயில், காற்று நான்கையும் சேர்த்து அளக்கும் குறியீடு 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலை நிற்க வேண்டும் என்றும் விதித்தது.

சட்டம் எங்கே நிற்கிறது

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் கிடைக்க அது வழி செய்கிறது. வரவேற்க வேண்டிய அறிவிப்பு. ஆனால் அந்த நிவாரணம் பெற, இறப்புக்கு வெப்பமே காரணம் என்று நிறுவப்பட வேண்டும். மாரடைப்பு என்று எழுதப்பட்ட சான்றிதழோடு அதை நிறுவுவது எளிதன்று. மேலும், வெப்ப அலை அறிவிப்புக்கு வானிலைத் துறை முதன்மையாகக் கொள்வது வெப்பமானியின் அளவையே. சமவெளியில் 40 டிகிரி, கடற்கரைப் பகுதியில் 37 டிகிரியை எட்டி, இயல்பைவிட 4.5 டிகிரி மிகுந்திருக்க வேண்டும். ஈரம் மிகுந்த 37 டிகிரியில் ஒருவர் உயிரிழந்தால், அன்று வெப்ப அலை அறிவிக்கப்படாமலே இருந்திருக்கலாம்.

சுரங்கச் சட்டத்தில் ஒரு முரண் உண்டு. நிலத்தடிச் சுரங்கத்தின் வேலையிடத்தில் ஈரக்குமிழ் வெப்பநிலை 33.5 டிகிரியைத் தாண்டக்கூடாது என்று நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறைகள் வரம்பு கட்டியுள்ளன. காற்றோட்டம் குறித்த விதி அது. நெய்வேலியின் சுரங்கங்களோ திறந்தவெளிச் சுரங்கங்கள். வானம் திறந்திருப்பதால் காற்றோட்டம் பற்றிய கவலை இல்லை என்று சட்டம் எண்ணுகிறது. அதே திறந்த வானத்திலிருந்து இறங்கும் வெயிலுக்கு அது வரம்பு கட்டவில்லை.

இழப்பீட்டைப் பொறுத்தவரை, வேலையின்போதும் வேலையின் காரணமாகவும் நேர்ந்த மரணத்துக்கு நிறுவனமே பொறுப்பு என்பது 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அடிப்படை. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அதையே தொடர்கிறது. மாரடைப்பு இதில் அடங்குமா? 2006இல் வாகன உதவியாளர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், வேலைக்கும் மாரடைப்புக்கும் இடையிலான தொடர்புக்குச் சான்று இல்லை என்று கூறி இழப்பீட்டை மறுத்தது. 2012இல் நெடுந்தொலைவு ஓட்டிவந்து இறந்த லாரி ஓட்டுநர் வழக்கில், வேலையின் கடுமையே மரணத்துக்கு வழிவகுத்தது என்று ஏற்று இழப்பீடு வழங்கியது. இரு தீர்ப்புகளையும் பிரித்தது சான்றுதான். அந்தச் சான்றை யார், எப்போது திரட்டுவது என்பதே நம் முன்னுள்ள வேலை.

செய்ய வேண்டியவை

முதலில் உயிர் காப்பது. நினைவின்றி விழுந்தவர் இயல்பாக மூச்சுவிடவில்லை எனில், 108க்கு அழைத்துவிட்டு உடனே நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். இது தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் குறைக்கிறது. எந்த ஊர்தியும் அத்தனை விரைவாக வந்துவிடாது. உடன் வேலை செய்பவரின் கையே முதல் மருத்துவம். எனவே இப்பயிற்சி அலுவலகத்தில் இருப்போரைவிட ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கே முதலில் தரப்பட வேண்டும். மூச்சு இருந்து, உடல் கொதித்து, பேச்சு குழறினால் அது வெப்பத்தாக்கு. நிழலுக்குத் தூக்கிச் சென்று, உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி, விசிறி, வெப்பத்தைத் தணித்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. நெஞ்சுவலி என்று வருவோருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளை வழங்கும் ‘இதயம் காப்போம்’ திட்டம் 2023 முதல் நடைமுறையில் உள்ளது என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து, மரணம் நேர்ந்துவிட்டால் அன்றே குறித்துவைக்க வேண்டியவை சில உண்டு. விழுந்த நேரமும் இடமும். அன்று வேலை தொடங்கிய நேரம். செய்த வேலையின் தன்மை. வேலைக்குச் சேர்ந்து அல்லது திரும்பி வந்து எத்தனை நாள். குடிநீரும் நிழலும் எத்தனை தொலைவில் இருந்தன. உடன் இருந்தோரின் வாக்குமூலம். மருத்துவமனையில் சேர்த்தபோது பதிவான உடல் வெப்பம். அன்றைய வெப்பமும் ஈரப்பதமும். உடற்கூறாய்வைக் கோர வேண்டும். சான்றிதழில் இதயம் நின்றது என்று மட்டும் இருந்தால், அதற்கு அடிப்படையான காரணத்தை எழுதுமாறு எழுத்துவழியே கேட்க வேண்டும். இழப்பீட்டுக் கோரிக்கைக்கு 1923ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு ஆண்டு வரையறை வைத்தது. துக்கத்தில் காலம் கடந்துவிடக்கூடாது. ஒப்பந்ததாரர் கைவிரித்தாலும், குடிநீர், ஓய்விடம் போன்ற வசதிகளுக்கு முதன்மை நிறுவனமே பொறுப்பு என்பதை 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் தெளிவாக்கியிருந்ததையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மூன்றாவதாக, எண்ணிக்கை. கல்லூரி மாணவர்கள் செய்யக்கூடிய பெரும்பணி இது. பொதுத்துறை நிறுவனங்களும் மாவட்ட நிர்வாகமும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. கடந்த ஆண்டுகளில் பணியிடத்தில் இறந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் எத்தனை பேர், எந்த மாதத்தில், எந்த நேரத்தில், என்ன காரணம் காட்டப்பட்டது என்று கேட்கலாம். மாதவாரியாக அடுக்கிப் பார்த்தால் சித்திரை, வைகாசியில் கூடுகிறதா, மார்கழியில் கூடுகிறதா என்பது தெரிந்துவிடும். பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்ற விவரத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அந்த விவரம் இல்லை என்று பதில் வந்தால் அதுவும் ஒரு சான்றே.

இவற்றின் அடிப்படையில் எழ வேண்டிய கோரிக்கைகள் எளியவை. வெயில் மாதங்களில் நண்பகல் வெளிவேலைக்கு, கூலி குறையாமல், தடை. ஈரத்தையும் சேர்த்து அளக்கும் கருவி ஒவ்வொரு வேலைத்தளத்திலும். தடையற்ற குடிநீர், நிழல், பெண்களுக்குக் கழிப்பிடம். தூய்மைப் பணியாளர்களுக்குக் குளிர்காலத்தில் வேலைநேர மாற்றமும் ஆண்டுதோறும் இதயப் பரிசோதனையும். வேலையிடத்தில் நேரும் ஒவ்வொரு திடீர் மரணத்திலும் வெப்பம் பற்றிய கட்டாய விசாரணை. கூலி குறையாமல் என்ற சொல் இதில் மிக முக்கியமானது. ஓய்வெடுத்தால் கூலி போகும் என்ற நிலையில் எந்த எச்சரிக்கையும் பலன் தராது. பசித்தவர் வெயிலைப் பார்த்து வேலையை விட்டுவிட முடியாது.

கத்திரி வெயில் ஆண்டுதோறும் மே மாதத் தொடக்கத்தில் வருகிறது. நாள் குறித்து வருகிற ஆபத்து அது. ஆகவே ஆயத்தமாக நேரமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அடுத்த கத்திரி தொடங்கும் முன், இந்தக் கேள்விகள் கடலூர் மாவட்ட நிர்வாகத்திடமும் சுரங்க நிர்வாகத்திடமும் எழுத்தில் கேட்கப்பட வேண்டும். பதிலும் எழுத்தில் பெறப்பட வேண்டும்.